குளிர் ஒத்திகை

ஜீப் பங்களா வாசலில் வந்து நின்றபோது பகல் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் மேகமலையில் பகல் என்பது மேகம் மனசு வைத்தால்தான். சின்னமனூரில் மண்டையைப் பிளந்த சித்திரை வெயில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற மங்கி, மேலே வந்ததும் இருந்த இடம் தெரியவில்லை. ரஃபியா நீலக் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் கணவன் நத்தர்ஷாவின் சிவப்புக் கோட்டு, கடை உறைகூடப் பிரிக்காமல் பின் சீட்டில் கிடந்தது.

கம்பத்துக்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுப்பது. அதற்கே தலையில் துண்டு கட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து நார்வேக்குப் போகப்போகிறவள், முதலில் மேகமலைக்குப் போய்க் குளிரைக் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்ததில் என்ன தப்பு? ஆனால் தெருவே சிரித்தது. தங்கை சானியா போனில், "அக்கா, கெணத்துல நீச்சல் பழகிட்டுக் கடலத் தாண்டப் போறியா?" என்று கேட்டாள். ரஃபியா அதற்கெல்லாம் அசரவில்லை. புதுக் கோட்டு, கம்பளிக் கையுறை, ஷூ எல்லாவற்றையும் போட்டு ஒரு நாள் நடந்து பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நத்தர்ஷாதான் முரண்டு பிடித்தான். மூணாறு போகலாம், கொடைக்கானல் போகலாம், மேகமலை மட்டும் வேண்டாம் என்றான். சொந்த ஏலக்காய் எஸ்டேட்டும் சொந்த பங்களாவும் அங்கே இருக்க, வாடகை அறையில் போய்த் தங்குவானேன் என்று அவள் கேட்டாள். கடைசியில் வந்துவிட்டான். வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டு வந்தான்.

"இருட்டுறதுக்குள்ள கீழ எறங்கிரணும், ரஃபியா. அம்புட்டுத்தேன் சொல்லுவேன்."

பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டோர் இருந்தது. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த ஏலக்காயைத் தட்டுத் தட்டாக அடுக்கிச் சூட்டில் காயவைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. வெளிச்சுவரில் அடுப்பு. அங்கே விறகு எரிந்தால் உள்ளே ஓடும் இரும்புக் குழாய்கள் சூடேறி அறை முழுக்க வேகும். அதற்கு ஒரே ஒரு விதிதான்: அடுப்பு மூட்டிவிட்டால் காய் காயும்வரை கதவைத் திறக்கக் கூடாது. வெளிக்காற்று பட்டால் காய் வெளுத்துப்போகும்; வெளுத்த காயை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான். 'தொறந்தா பச்சை போயிரும்' என்பது அந்த மலையில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த அறைக்குள்தான் ரஃபியாவின் முதல் புருஷன் அப்துல் அஜீஸ் செத்துப்போனான். நத்தர்ஷாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அது நடந்தது முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம், ஐப்பசி அடைமழையில். காய் பார்க்க உள்ளே போனவன் அலுப்பில் கண் அசந்துவிட்டான், மரக்கதவு மழைக்கு ஊறி மாட்டிக்கொண்டது, குழாயில் ஓட்டை விழுந்து புகை சூழ்ந்துவிட்டது என்று சொன்னார்கள். உடலைக் குளிப்பாட்டியவர்கள் ஆண்கள். ரஃபியாவுக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். அவள் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்தாள். அடுத்த வருஷம் பெரியவர்கள் கூடிப் பேசிக் கொழுந்தனுக்கே நிக்காஹ் செய்து வைத்தார்கள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அஜீஸை மச்சான் என்று கூப்பிட்ட வாயால் இவனை அப்படிக் கூப்பிடவில்லை. இவன் வெறும் 'ஏங்க'தான்.

நார்வே, அஜீஸ் கொடுத்த வாக்கு. அவனுக்கு வலக்கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். சின்ன வயதில் ஜெனரேட்டர் பெல்ட் கடித்துத் தின்றுவிட்டது. கல்யாணத்தன்று பெண்கள் 'நாலரை விரல் மாப்பிள்ளை' என்று கேலி செய்தபோது, அவன் அந்த அரை விரலை நீட்டி, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் உச்சியைத் தொட்டான். "நடு ராத்திரியில வெயில் அடிக்கிற ஊரு அங்கன இருக்கு. ஒன்னைய அங்க கூட்டிப் போறேன்," என்றான். ரஃபியா தனக்கென்று ஆசைப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். அது அவனோடு கபருக்குள் போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அதனால்தான், கொச்சிக்கு அப்பால் எட்டிப் பார்க்காத நத்தர்ஷா ஒரு நாள் தானாக வந்து, "நார்வே போவமா?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்நெஞ்சுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனாள். ஏமாளிப் பெண்.

வாட்ச்மேன் ஒச்சாண்டி குடையோடு ஓடி வந்தான். அஜீஸ் இருந்த காலத்திலிருந்து ஸ்டோருக்கு அடுப்பெரிக்கிறவன்.

"வாங்காத்தா," என்றான் ரஃபியாவைப் பார்த்து. நத்தர்ஷாவின் முகத்தை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கூடத்து மேஜையில் ரஃபியா தான் கொண்டுவந்த பெரிய வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் தம்ளர் வைத்தாள். மஞ்சள் பேனாவால் ஏற்கெனவே வழி போட்டிருந்தாள். விசாவுக்குச் சென்னையில் கைரேகை கொடுத்தாயிற்று. இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப் போவதென்று முடிவாயிற்று.

"மொதல்ல கோபன்ஹேகன். அங்கேர்ந்து ரயில்ல ஸ்டாக்ஹோம், அப்பறம் ஆஸ்லோ. ஆஸ்லோவுலேர்ந்து பெர்கன். அங்கன கப்பல் ஏறுனா ஃபியோர்டுங்க. மலை இடுக்குக்குள்ள கடலு வந்து படுத்துக் கெடக்குமாம். கடைசியா ட்ரோம்சோ. அங்கனதேன் சூரியன் மறையாது. மறையாத ஊர்ல மஃரிபு எப்பத் தொழுகுறதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்டக்கூடக் கேட்டுட்டேன். பக்கத்துல மறையுற ஊரோட நேரத்த வச்சுக்கிரச் சொன்னாக."

"ட்ரோம்சோவுல எத்தன நாளு போட்டிருக்க?"

"மூணு."

"எல்லா நாளையும் அங்கனயே போடு."

"அப்ப கோபன்ஹேகன்?"

"அங்கன ராத்திரி உண்டுல்ல?" என்றான் நத்தர்ஷா.

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. மேகம் கூடத்துக்குள்ளேயே வந்து நின்றது. கோட்டுக்குள்ளும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அவனோ பனியனோடு உட்கார்ந்திருந்தான். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஸ்வீடன் மேல் விழுந்தது. சென்னையிலும் இப்படித்தான். ஏசி அறையிலும், அவன் கை வைக்கிற ஒவ்வொரு முறையும் கைரேகை எடுக்கிற கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து விசா அலுவலகப் பெண் அலுத்துப்போனாள். வீட்டில் விளக்கை அணைக்க விடுவதில்லை. கரண்ட் போனால் தெருவுக்கு ஓடிவிடுவான். சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அங்கன உண்மையிலேயே இருட்டாதுல்ல?" அவன் குரல் கெஞ்சியது. "நல்ல குளிருந்தான?"

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே சத்தம் கேட்டது.

தொம்.

கதவில் உள்ளங்கையால் அறைகிற சத்தம். ஸ்டோர் பக்கமிருந்து வந்தது.

"காய் இல்லாத மாசத்துல ஸ்டோர்ல யாருங்க?"

"எலி." சொல்லும்போதே எழுந்துவிட்டான். "கெளம்பு. இப்பவே கெளம்பு."

மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை மலையில் பெய்கிற வேகத்தில் எங்கேயோ மரம் முறிகிற ஓசை கேட்டது. நத்தர்ஷா ஜீப்பை எடுத்துக்கொண்டு பாதை பார்க்கப் போனான். ரஃபியா டீ போட அடுக்களைக்குப் போனாள். ஒச்சாண்டி அங்கே தரையில் குந்தியிருந்தான். பால் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தான்.

"ஆத்தா, அந்தச் சத்தம் ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"எலின்னாக."

ஒச்சாண்டி கதவுப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினான்.

"எலியில்ல. ஒங்ககிட்டச் சொல்லாம செத்தா என் கட்ட வேகாது. அன்னைக்கு அடுப்புல வெறகு போட்டது நாந்தேன். இவுக, சின்ன மொதலாளி மட்டும் ஸ்டோருக்குள்ளயிருந்து வெளிய வந்தாக. பெரிய மொதலாளி சின்னமனூருக்கு எறங்கிட்டாகன்னு சொன்னாக. சொல்லிக்கிட்டே தாப்பாளப் போட்டாக. கொஞ்ச நேரத்துல உள்ளயிருந்து கதவ அறையுற சத்தம். 'ஆரோ உள்ள இருக்காகய்யா'ன்னேன். 'தட்டு சரியுதுடா. தொறந்தா பச்சை போயிரும். வெறகப் போடு'ன்னாக."

ரஃபியாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"போட்டியா?"

"போட்டேனாத்தா." அவன் முகத்தில் அடித்துக்கொண்டான். "கொரலு கேட்டுச்சு. 'நத்தரு, தெறடா'ன்னு கேட்டுச்சு. அதுக்கப்பறமும் போட்டேன். பயம். தெறந்து பாத்தப்ப பின்மண்ட ஒடஞ்சு கெடந்துச்சு. கதவெல்லாம் ரத்தக் கோடு. விரல்ல ஒரு நகங்கூட இல்ல. 'வெறகு போட்ட கை ஒன் கைதேன், வாயத் தொறந்தா தூக்குல நீதேன் தொங்குவ'ன்னாக. அந்தக் கதவ வெட்டி எரிச்சதும் நாந்தேன். இப்ப இருக்கிற இரும்புக் கதவு அதுக்கப்பறம் போட்டது."

குளிப்பாட்டியவர்கள் ஏன் கையைக் காட்டவில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஒன்றரை வருஷமாக அழுது தீர்ந்த சாவு இப்போதுதான் புதிதாக நடந்தது போல இருந்தது. அந்த ஆளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறாள். அவன் வாங்கிக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஆளைக் கூப்பிட வேண்டும், சானியாவுக்குச் சொல்ல வேண்டும் என்று கூடத்துக்கு ஓடினாள். போன் மேஜையில் கிடந்தது. சிக்னல் இல்லை. போனை எடுக்கக் குனிந்தவள் வரைபடத்தைப் பார்த்தாள்.

அதன் உச்சியில், ட்ரோம்சோவுக்கு மேல், ஒரு வலக்கையின் தடம்.

ஈரமாக இருந்தது. விரல் நுனிகள் இருந்த இடமெல்லாம் சிவப்பு.

ஆள்காட்டி விரல் பாதிதான்.

அவள் பின்னால் வாசல் கதவருகே நத்தர்ஷா நின்றிருந்தான். மழையில் நனைந்து வந்தவன்மேலிருந்து ஆவி பறந்தது. பாதையில் மரம் விழுந்திருக்கிறது என்று சொல்ல வந்தவன் அந்தத் தடத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுக்களை வாசலில் நின்ற ஒச்சாண்டியைப் பார்த்தான். சொல்லியாயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்து மூலையில் கிடந்த விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவினான்.

"மொதலாளி, வேணாம்..."

முதல் அடி ஒச்சாண்டியின் தோளில் விழுந்தது. கரும்பை முறிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. ஒச்சாண்டி சுவரில் மோதி, சுவரில் ரத்தத்தை இழுத்துக்கொண்டே சரிந்தான். கீழே கிடந்தவன் வயிற்றிலும் மிதித்தான். ரஃபியா தம்ளரை எடுத்து நத்தர்ஷாவின் முகத்தில் எறிந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் துடைக்கக்கூட இல்லை. அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜை விளிம்பில் தலையை மோதினான். வரைபடம் அவளோடு சேர்ந்து கிழிந்து தரையில் விழுந்தது.

"ஒன்னைய மொதல்ல பாத்தது நானு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "உத்தமபாளையம் கல்யாணத்துல பாத்துட்டு வந்து வீட்டுல சொன்னது நானு. மூத்தவன் இருக்கையில எளையவனுக்கா முடிக்கிறதுன்னு அவனுக்குக் கட்டி வச்சாக. என் சோத்த எடுத்து அவன் தட்டுல போட்டாக. நாம் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

கோட்டின் கழுத்தைப் பிடித்து வாசல்படியில் இழுத்து, சேற்றில் இழுத்து, ஸ்டோர்வரை கொண்டுபோனான். அவள் அவன் கையைச் சதை பிய்யக் கடித்தாள். வாயில் அவன் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் இரும்புக் கதவின் தாழ்ப்பாளை இழுத்து, அவளை உள்ளே வீசிக் கதவை அறைந்து சாத்தினான்.

ராத்திரி இல்லாத ஊரைத் தேடி அலைந்தவனுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. இருட்டுக்கு ராத்திரி வேண்டியதில்லை. ஒரு கதவு போதும்.

உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். முதலில் தரையின் குளிர் உறைத்தது. அப்புறம் மணம். காயே இல்லாத அறையில் ஏலக்காய் மணம், மூக்கை அடைக்கிற மாதிரி வந்தது. அதன் அடியில் முடி கருகுகிற நாற்றம்.

பிறகு சூடு ஏறியது.

அடுப்பில் சாம்பல்கூட இல்லை. ஆனாலும் குழாய்கள் உறுமத் தொடங்கின.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சூடான கை. விரல் நுனிகள் கொழகொழவென்று இருந்தன; நகம் இருக்க வேண்டிய இடத்தில் சதை. அவள் அலறுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது அந்த ஆள்காட்டி விரல் அவள் தோலில் பட்டது. பாதி விரல்.

"மச்சான்," என்றாள்.

அந்தக் கை அவளை மெதுவாக நகர்த்திக் கதவோரச் சுவரில் சாய்த்துவிட்டு விலகியது.

தொம்.

இரும்புக் கதவு அதிர்ந்தது.

தொம். தொம்.

"நத்தரு." தொண்டை வெந்துபோன குரல். "தெறடா."

வெளியே நத்தர்ஷா ஊளையிட்டான். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு இருட்டிலும் கேட்ட சத்தம் அது. பயந்து பயந்து ஓடியவனுக்குப் பயம் முற்றி வெறியாகிவிட்டது.

"செத்தவன் செத்தவனாக் கெடக்க மாட்டியாடா? இன்னொருக்கா சாவுடா!"

தாழ்ப்பாளை அவனே இழுத்தான். விறகுக் கட்டையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். தட்டுகள் நொறுங்கின. ரஃபியா அவன் காலுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து வெளியே சேற்றில் விழுந்தாள். உள்ளே கட்டை விழுகிற சத்தம் கேட்டது: மரத்தில், இரும்பில், மரத்தில். அடுத்த அடி சதையில் விழுந்தது. அதற்குக் கத்தியது நத்தர்ஷா.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் அவள் கண்ணெதிரே நகர்ந்து உட்கார்ந்தது.

மழைத்துளி கதவில் விழுந்த இடமெல்லாம் சுர்ரென்று ஆவியானது. வெளியே அடுப்பின் வாயில் ஒரு தவளை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"ரஃபியா! தாப்பாள எடு! வேகுது ரஃபியா!"

அவள் எழுந்து நின்றாள். தாழ்ப்பாளில் கையை வைத்துப் பார்த்தாள், உள்ளங்கை பொத்துப்போனது. கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு பிடித்தால் இழுத்துவிடலாம். குளிருக்கு வாங்கிய தடிமனான துணி. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கையை இழுத்தும் விட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அறைகிற சத்தம் விடாமல் வந்தது. பிறகு பிறாண்டுகிற சத்தம். ஒவ்வொன்றாக ஏதோ முறிகிற சத்தம்.

ஒச்சாண்டி ஒரு கையால் ஊன்றித் தவழ்ந்து வந்து சேர்ந்திருந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்து பாதி முகம் கறுத்திருந்தது. கதவைப் பார்த்தான். அதே வாசல் பக்கம் அன்றைக்கும் அவன்தான் நின்றான்.

"ஆத்தா," என்றான் மூச்சு வாங்க. "என்ன இருந்தாலும் ஒரு உசுரு. தெறந்துருவமா?"

ரஃபியா கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்புத் திண்டில் உட்கார்ந்தாள்.

"தொறந்தா பச்சை போயிரும்," என்றாள்.

மறுநாள் எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருந்த கூலி ஆட்கள் மரத்தை வெட்டி வழி உண்டாக்கி வந்தபோது கதவு சில்லிட்டுக் கிடந்தது. உள்ளே ஒரு தட்டுகூட முழுசாக இல்லை. நத்தர்ஷா கதவோடு ஒட்டிக் கிடந்தான். விலா எலும்புகள் உள்ளே குழிந்திருந்தன. உடம்பு முழுக்கக் கொப்புளம். பத்து விரலிலும் நகம் இல்லை. சில நகங்கள் இரும்புக் கதவின் பெயிண்டில் குத்தி நின்றன. பற்றவே வைக்காத அடுப்பையும் அந்த உடம்பையும் மாறி மாறிப் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். உத்திரம் சரிந்து தன் தோளும் முறிந்தது, மழைக்குத் துருவேறிய கதவு மாட்டிக்கொண்டது என்று ஒச்சாண்டி சொன்னான். ஆமாம் என்று ரஃபியா சொன்னாள். பொய் பழையதுதான். ஆள்தான் வேறு.

திரும்பவும் இத்தா இருந்தாள். அந்த மாதங்களில் அவள் எதற்கோ காத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு மணம் இல்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அஜீஸ் போய்விட்டான் என்று நிம்மதியும் வந்தது, ஏக்கமும் வந்தது. மழை போய், பனி போய், அடுத்த சித்திரை பிறந்ததும் சானியாவைக் கூப்பிட்டாள்.

"நார்வேக்கு வர்றியாடி?"

இந்தத் தடவை கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் எதையும் வெட்டவில்லை. ராத்திரி இருக்கிற ஊரும் வேண்டும், இல்லாத ஊரும் வேண்டும். அவளுக்கு இருட்டைப் பற்றிப் பயமில்லை.

மதுரைக்குப் போகக் கார் வரப்போகிற பகல். கம்பத்து வெயில் வீட்டுக்குள்வரை வந்து பாயில் படுத்திருந்தது. சானியா பெட்டிகளை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டு மட்டும் பெட்டிக்குள் அடங்கவில்லை.

"கையில தூக்கிட்டு அலைய முடியாதுக்கா. போட்டுக்க. ஏர்போர்ட்ல ஏசிதான."

ரஃபியா சிரித்தாள். அன்றைக்குப் பிறகு பீரோவிலேயே தொங்கிய கோட்டை எடுத்து உதறினாள். ஏலக்காய் மணம் வந்தது. கம்பத்தில் எந்த வீட்டுத் துணியில்தான் ஏலக்காய் மணக்காது? இடக்கையை நுழைத்தாள். வலக்கையை நுழைத்தாள்.

கோட்டுக் கைக்குள் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சூடாக இருந்தது. விரல் நுனிகள் கொழகொழவென்று இருந்தன.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டான். சொன்ன சொல் மாறாமல் கூட வருகிறான்.

"மச்சான்," என்று உதட்டுக்குள் சொல்லி, அந்தக் கையின் ஆள்காட்டி விரலைத் தேடித் தடவினாள்.

"என்னக்கா, கை போக மாட்டேங்குதா?" என்றாள் சானியா.

விரல் முழுசாக இருந்தது.

அந்தக் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.